கல்லில் இல்லாத பெயர்: ஊட்டிக் கல்லறையில் ஒரு கோவை கலெக்டர் குடும்பம்

பெருமாநல்லூரிலிருந்து பேசுறேன். கோவையில் சலிவன் வீதின்னு ஒரு வீதி இருக்கு. நம்மில் பலர் வண்டியில் அதைக் கடந்திருப்போம். யார் அந்த சலிவன்னு கேட்டா, "ஊட்டியை உருவாக்கினவர்"னு ஒரே வரியில் பதில் வந்துடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. இன்னைக்கு அந்தக் குடும்பத்தைக் கல்லறைக் கற்கள் வழியாத் தேடிப் போகலாம்.

முதலில் ஆள் யாருன்னு பார்த்துடுவோம். ஜான் சலிவன், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1815 முதல் 1830 வரை கோவை கலெக்டர். நம்ம அவிநாசி, திருப்பூர், பெருமாநல்லூர் எல்லாமே அவர் வரி வசூலித்த மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். நீலகிரி மலையும் அப்போ கோவையோடதான் சேர்ந்திருந்தது. 1819-ல் அவர் மலை ஏறினார். 1822-ல் ஊட்டியில் ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். இன்னைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிற கட்டடம் அதுதான். ஊட்டி ஏரியும் அவர் காலத்தில் உருவானது. இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும்.

இப்போ புனித ஸ்தேவான் தேவாலயத்துக்கு வருவோம். 1829 ஏப்ரல் 23-ல் அடிக்கல் நாட்டி, 1831-ல் வழிபாட்டுக்குத் திறந்த கோயில் இது. உள்ளே இருக்கிற பெரிய மர உத்திரங்கள், ஶ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து எடுத்து மலை மேல் கொண்டுவரப்பட்டவை. பின்பக்கச் சரிவில் பழைய கல்லறைத் தோட்டம். சலிவனின் மனைவி ஹென்றியெட்டாவும் மகள் ஹாரியெட்டும் அங்கேதான் அடக்கமாகியிருக்காங்க.

ஒரு கல்லறைக் கல்லைப் படிக்கும்போது மூணு விஷயம் கவனிங்க. ஒண்ணு, உறவுச் சொல். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்". பெண்களைப் பற்றி அரசு ஆவணங்கள் பெரும்பாலும் பேசாத காலம் அது. அவங்க பெயர் முழுசாக் கிடைக்கிற இடம், பல சமயம் கல்லும் தேவாலயப் பதிவேடும் மட்டும்தான். ரெண்டாவது, தேதி. தாயும் மகளும் இறந்தது ஒரே வருஷம், 1838. சலிவனுக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷம்கூட முடியலை. அவருடைய பதவி வரலாற்றை மட்டும் பார்த்தா 1838-ல் பெரிசா ஒண்ணும் தெரியாது. மெட்ராஸில் உயர் பதவி, வருவாய் வாரிய வேலை, அவ்வளவுதான். கல்லைப் பார்த்தால்தான் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு புரியும்.

மூணாவது விஷயம்தான் முக்கியம்: அங்கே யார் இல்லை? அந்தத் தோட்டத்தில் ஜான் சலிவன் இல்லை. இந்த வெற்றிடம்தான் அடுத்த தடயம். 1841-ல் அவர் வேலையை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1855 ஜனவரியில் இறந்தார். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரத்தில், அப்டன் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தாங்க. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலும் அதே தேவாலயத்தில்தான் இருக்கார். நீலகிரி வரலாற்றைத் தேடுறவங்க முயற்சியால்தான் சலிவனின் கல்லறை இந்த நூற்றாண்டில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு குடும்பம், ரெண்டு கண்டம். ரெண்டு பக்கக் கல்லையும் சேர்த்துப் படிச்சாத்தான் கதை முழுசாகும்.

ஆனா முழுசுன்னு சொல்றதிலும் ஒரு சிக்கல் இருக்கு. ஊட்டி நிலம் யாருடையது? தோடர்களுடையது. அவங்ககிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்னு நிலம் வாங்கியவரும் சலிவன்தான். நிலம் தோடர்களுக்கே உரிமையானதுன்னு பின்னாடி கம்பெனிகிட்ட வாதாடினவரும் அவர்தான். தோடர்கள் இறந்தவங்களை எரிக்கிறவங்க. பெயர் பொறிச்ச கல் அவங்க வழக்கத்தில் இல்லை. அந்த மர உத்திரங்களை மலை ஏத்தின ஆட்களுக்கும் கல் கிடையாது. கல்லை மட்டும் நம்பி வரலாறு எழுதினா, கல் வைக்க வசதி இருந்தவங்க வரலாறுதான் கிடைக்கும்.

சரி, நமக்கு இதில் என்ன? உங்க வீட்டில் கிறிஸ்தவ முன்னோர் யாராவது இருந்தா, அவங்க ஊர் தேவாலயத்தில் அடக்கப் பதிவேடு இருக்கான்னு கேளுங்க. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும், திருமணப் பதிவேட்டில் சாட்சிகள் பெயரும் கிடைக்கும். கல்லில் உறவுச் சொல் அழிஞ்சு போயிருந்தாலும் அங்கே கண்டுபிடிக்கலாம். கம்பெனி, பிரிட்டிஷ் காலத்தில் மெட்ராஸ் மாகாண ஆங்கிலேயத் தேவாலயங்கள் அனுப்பிய பதிவு நகல்கள் இன்னைக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கு.

கல்லை போட்டோ எடுக்கிறவங்க காலையிலோ சாயங்காலமோ போங்க. வெயில் சாய்வா விழும்போது தேய்ஞ்ச எழுத்தும் நிழலோடு தெளிவாத் தெரியும். சுண்ணாம்பு, சாக்பீஸ் பூசாதீங்க, கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீங்க, கல் கெட்டுப்போகும். தனிக் கல்லோட நிறுத்தாம, பக்கத்துக் கற்களையும் சேர்த்து எடுங்க. ஒரு குடும்பம் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம் இல்லாதவங்களுக்கு? நம்ம கொங்குப் பக்கம் எரித்தாலும் புதைத்தாலும் பெயர் பொறிச்ச கல் பெரும்பாலும் இருக்காது. ஆனா குலதெய்வக் கோயில் இருக்கு. எந்த ஊர்க் கோயிலுக்கு யார் யார் பங்காளியா வரி கொடுக்கிறாங்கன்னு வீட்டில் பெரியவங்களுக்குத் தெரியும். அது கல்லில் இல்லை, அவங்க நினைவில் இருக்கு. பாட்டிகிட்ட இந்த வாரமே கேட்டு, போனில் பதிவு பண்ணி வைங்க. முக்கியமா, கல்யாணமாகி வேற ஊர் போன பெண்களோட பெயர்களையும் கேளுங்க. ஹென்றியெட்டா பெயர் கல்லில் நின்னுடுச்சு. நம்ம பாட்டிகளோட அம்மாக்கள் பெயர் இன்னும் யாரும் எழுதி வைக்காமலேயே இருக்கு.