ஒருபடிச் சமன்பாட்டு வாக்கியக் கணக்குகள்

தெரியாத ஓர் எண்ணை, அதைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகளைக் கொண்டே கண்டறியச் சொல்பவை வாக்கியக் கணக்குகள். அந்த எண் வர்க்கமோ கனமோ ஆகாமல் முதற்படியில் மட்டும் வருமானால் ஒருபடிச் சமன்பாடு போதும். தந்தையின் வயது மகன் வயதைப்போல் 4 மடங்கு, இருவர் வயதின் கூடுதல் 50 என்றால், மகன் வயதை 'ம' என்க. 4ம + ம = 50; ம = 10. தந்தைக்கு 40.

இத்தகைய கணக்குகள் பழைய எகிப்திலேயே உண்டு. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் பழைய ஏடொன்றைப் பார்த்துப் படியெடுத்த பாப்பிரஸ் சுருளை 1858இல் அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் லக்சரில் விலைக்கு வாங்கினார். அதன் 24ஆம் கணக்கு: ஓர் அளவோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19, அளவு என்ன? எழுத்தர் முதலில் 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழில் ஒரு பங்கு சேர 8 ஆகிறது. வேண்டியதோ 19. எனவே 19ஐ 8ஆல் வகுக்கிறார். ஈவு இரண்டே காலே அரைக்கால். அதை 7ஆல் பெருக்க, பதினாறரையே அரைக்கால் விடையாகிறது. தவறென்று தெரிந்தே ஓர் எண்ணை வைத்து, விகிதத்தால் அதைத் திருத்தும் இந்த உத்தி அழகானது. வைத்த எண் இரட்டித்தால் பயனும் இரட்டிக்கும் இடங்களில் மட்டுமே இது அப்படியே செல்லும்.

கணக்கில் தனி எண்கள் கலந்தால் அவற்றை முதலில் பிரிக்க வேண்டும். கணித அறிஞர் டயோபாண்டஸின் ஆயுளைக் கேட்கும் கிரேக்கப் புதிர் அவ்வகை. ஆயுளின் 6, 12, 7, 2இல் ஒவ்வொரு பங்கு, அவற்றோடு தனியே 5 ஆண்டும் 4 ஆண்டும் சேர்ந்தால் முழு ஆயுள். பங்குகள் போக எஞ்சுவது 84இல் 9 பங்கு. அதுவே அந்த 9 ஆண்டு. ஆயுள் 84.

ஆரியபட்டர் கி.பி. 499இல் தனி எண்கள் கலந்த கணக்குகளுக்குப் பொது விதியே தந்தார். ஒருவரிடம் 6 பசுவும் 100 காசும், மற்றவரிடம் 8 பசுவும் 40 காசும் இருந்து, இருவர் செல்வமும் சமமாயின், காசு வேறுபாடான 60ஐப் பசு வேறுபாடான 2ஆல் வகுக்க வேண்டும். பசு ஒன்று 30 காசு. 628இல் பிரம்மகுப்தர் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயரை இட்டார். பாஸ்கரரின் லீலாவதியில் (1150) எகிப்திய உத்தி 'இஷ்டகர்மம்' என்ற பெயரில் வாழ்கிறது. அங்கே வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொன்றுக்கும், அவ்விரண்டின் வேறுபாட்டைப்போல் மும்மடங்கு வேறொன்றுக்கும் போக, ஒன்று மட்டும் வானில் அலைகிறது. மொத்தம் 15 வண்டுகள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தின் அல்-குவாரிஸ்மி உறுப்புகளை இடம் மாற்றும் முறையை ஒழுங்குபடுத்தினார். சமக்குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்டின் நூலில் வந்தது.

தீர்ப்பதைவிடச் சமன்பாட்டை எழுதுவதே கடினம். பேராசிரியர்களைப்போல் 6 மடங்கு மாணவர்கள் என்பதைச் சமன்பாடாக்கச் சொன்னபோது, அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தவறினர். 1981இல் வெளியான ஆய்வு இது. பலர் 6ஐ மாணவர் பக்கமே பெருக்கினர். பெருக்க வேண்டியது பேராசிரியர் எண்ணிக்கையை.

இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவை நடுநிலை வகுப்புகளிலேயே இடம்பெறுகின்றன.