கோப்பின் பெயர் மறந்தாலும் உள்ளிருக்கும் சொல்லால் தேடலாம்

ஆலயமோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, தோட்டத்து இளைஞர் மன்றமோ, எதுவானாலும் அதன் கூட்டக் குறிப்புகள் இன்று செயலாளரின் கணினியில்தான் இருக்கின்றன. ஆலய நிலம் பற்றி எந்தக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தோம் என்று வழக்கறிஞர் கேட்டால், நூறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். அப்போதும் இவ்வசதி கைகொடுக்கும்.

விண்டோஸ் ஒரு நூலின் பொருளடைவு போல, கோப்புகளில் உள்ள சொற்களை முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைக்கிறது. அட்டவணையில் இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் கோப்பின் பெயரை மட்டுமே பார்க்கும். அதனால்தான் கோப்பு இருந்தும் கிடைப்பதில்லை.

அமைக்கும் முறை

1. ஸ்டார்ட் மெனுவில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறக்கவும்.

2. 'மாடிஃபை' பொத்தானை அழுத்தி, சங்கக் கோப்புகள் உள்ள கோப்புறையில் குறியிடவும்.

3. 'அட்வான்ஸ்ட்' சென்று 'ஃபைல் டைப்ஸ்' பகுதியில் டாக், டாக்எக்ஸ், பிடிஎஃப் போன்ற வகைகளைத் தேர்ந்தெடுக்கவும். ஒவ்வொன்றுக்கும் 'இண்டெக்ஸ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் ஃபைல் கன்டென்ட்ஸ்' தேர்வாகியிருக்க வேண்டும். இதற்குக் கணினி நிர்வாகி அனுமதி தேவை.

4. அப்படியும் கிடைக்காவிட்டால், அதே 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'ரீபில்ட்' அழுத்தவும். அட்டவணை புதிதாக உருவாகும். கோப்புகள் அதிகமென்றால் பல மணி நேரம் ஆகலாம்; கணினியை அணைக்காமல் விடுங்கள்.

பென்டிரைவில் உள்ளவை பொதுவாக அட்டவணையில் சேர்வதில்லை. அவற்றுக்கு, கோப்புறைச் சாளரத்தின் 'ஆப்ஷன்ஸ்' திறந்து, 'சர்ச்' பகுதியில் 'ஆல்வேஸ் சர்ச் ஃபைல் நேம்ஸ் அண்ட் கன்டென்ட்ஸ்' என்பதைக் குறியிடவும். தேடல் மெதுவாக நடக்கும், ஆனால் உள்ளேயும் பார்க்கும்.

எப்படித் தேடுவது?

தமிழில் சொல் வேற்றுமை உருபு ஏற்று வடிவம் மாறும். 'நிலம்' என்று தேடினால் 'நிலத்தை', 'நிலத்தில்' விடுபடலாம். 'நில' என்று தொடக்கத்தை மட்டும் கொடுங்கள். 'கோயில்', 'கோவில்', 'ஆலயம்' மூன்றையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். தொடராகத் தேட வேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடவும்.

பழைய தமிழ்க் கோப்புகள்

பலரும் தடுமாறும் இடம் இது. யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் டிஸ்கி, பாமினி போன்ற பழைய முறைகளில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினி அவற்றை வேறு குறியீடுகளாகவே சேமித்துள்ளது. இன்றைய யூனிகோட் விசைப்பலகையில் தட்டச்சு செய்து தேடினால் அகப்படாது. ஆண்டு, நில எண், தொகை போன்ற எண்களைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நிரந்தரத் தீர்வு, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றி, புதிய பிரதியாகச் சேமிப்பது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

ஸ்கேன் செய்த கடிதங்கள் வெறும் படங்கள். அவற்றில் தேடுவதற்கு எழுத்தே இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழி திறந்தால் எழுத்தாக மாறும். தமிழையும் அது படிக்கும். ஆனால் பெயர்களையும் எண்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவசியம்.

செயலாளர் மாறும்போது சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைக்கிறோம். தேடக்கூடிய நிலையில் உள்ள கோப்புகளையும் அவற்றின் இன்னொரு பிரதியையும் சேர்த்தே ஒப்படைத்தால், அடுத்து வருபவர் தவிக்க வேண்டியிராது.