பள்ளிக் கட்டணத்தைச் சுமந்தவர் யார்?

பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர் ஆரணி. கமண்டல நாகநதி பாயும் இவ்வூர் பழைய வட ஆற்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1989இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலையோடு சேர்ந்தது. இங்கே பாவு போட்ட தறியும், தார் சுற்றும் கைகளும் இல்லாத தெருக்கள் குறைவு. அத்தெருக்களில் ஒன்றில் வாழும் சகோதரர் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் என்னருகே வந்தமர்ந்தார்.

“ஹஜ்ரத், பையன் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டான். எல்.கே.ஜி. முதல் தனியார் ஆங்கிலப் பள்ளியில்தான் படித்தான். வருடந்தோறும் கட்டணம் கட்டிக் கட்டி, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே படிக்க வைத்தால் கல்லூரிக்குப் பணமில்லை. அவனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டுமானால், எட்டாவது படிக்கும் மகளை வீட்டோடு நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேசுகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

“மகள் எங்கே படிக்கிறாள், பாய்?” என்று கேட்டேன்.

“பெண்பிள்ளைதானே, ஹஜ்ரத்! ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள்.”

அவருக்கு அப்பொழுதே ஒரு சொல்லில் விடையளித்திருக்கலாம். ஆயினும் இவ்வினா அவர் ஒருவருடையதன்று. நம் இல்லங்கள் பலவற்றிலும் பேசப்படுவது. அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று நாம் கேட்கிறோம். இவ்வினாவுக்கு அடியில் இன்னொரு வினா மறைந்து கிடக்கிறது. ஒரு பிள்ளையின் கல்விச் செலவைச் சுமக்க வேண்டியவர் யார்? நம்முடைய வரலாறு இதற்குத் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது.

வக்ஃபு வளர்த்த கல்வி

பக்தாதில் 1067இல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸா, செல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் நிறுவியது. அங்கே பயின்ற மாணவரின் உறையுளுக்கும் உணவுக்கும் வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் பயன்பட்டது. மாணவனின் தந்தை வணிகரா, கூலியாளா என்பது அங்கே பொருட்டன்று.

நம் தமிழ் மண்ணிலும் அம்மரபு தழைத்தது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருந்த மதரஸாக்களும், வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் தோற்றுவித்த பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் கட்டணம் பெற்று வளர்ந்தவையல்ல. நிலம் ஒருவர் தந்தார், கட்டடம் ஒருவர் எழுப்பினார், ஓதும் பிள்ளைகளுக்கு ஊரார் உணவளித்தனர். இன்று தமிழ் எழுதவும் அரபு கற்பிக்கவும் எனக்குத் தகுதி உண்டெனில், அது என் தந்தையார் செலவழித்துப் பெற்றதன்று. முகமறியாப் பெருமக்கள் பலர் இட்ட சோற்றால் பெற்றது.

ஆங்கிலக் கல்வியும் அரைக் கட்டணமும்

பாரசீக மொழி 1837ஐ ஒட்டி ஆட்சி மொழி என்னும் நிலையை இழந்தது. அதனால் ஆற்காட்டு நவாபின் சீமையில் எழுத்துத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. 1854இல் வெளிவந்த உட் அறிக்கையைத் தொடர்ந்து, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு பொருளுதவி அளிக்கும் முறை தோன்றியது. கிறித்தவ மிஷன்கள் இம்முறையை நன்கு பயன்படுத்திக்கொண்டன. வேலூரில் ஆற்காடு மிஷன் நடத்திய ஊரீசுப் பள்ளி 1898இல் கல்லூரியாக உயர்ந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அங்கே பயின்றவரே.

முஸ்லிம்களோ பின்தங்கி நின்றனர். 1871இல் மேயோ பிரபுவின் அரசு வெளியிட்ட தீர்மானமும், 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் இந்நிலையைத் தனியே ஆராய்ந்தன. சென்னை மாகாணத்தில் முஸ்லிம் மாணவருக்கு அரைக் கட்டணச் சலுகை வழங்கப்பட்டது. சலுகை இருந்தது, ஆனால் சேர்ந்து படிக்க அருகில் பள்ளி இல்லை. வழியில்லாத ஊரில் வண்டிச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து என்ன பயன்?

தோல் வணிகர் செய்த தொண்டு

அவ்வழியை அமைத்தவர்கள் வட ஆற்காட்டுத் தோல் வணிகர்கள். வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தார் பள்ளியில் தொடங்கி, 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பினர். மேல்விஷாரத்தில் பிறந்து, தோல் வணிகத்தால் ஈட்டிய பொருளை வாரி வழங்கிய வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிபு அவர்கள் 1863 முதல் 1938 வரை வாழ்ந்தார்கள். அன்னாரின் பெயர் தாங்கிய கல்லூரி மேல்விஷாரத்தில் 1965இல் தோன்றியது. ஆரணியிலிருந்து ஆற்காடு வழியே பேருந்தில் சென்று படித்துத் திரும்பும் தொலைவில் அது நிற்கிறது.

விடுதலைக்குப் பின் இப்பணி தமிழகமெங்கும் பரவியது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தன. ஜமால் முகம்மது சாகிபு, காஜாமியான் இராவுத்தர் ஆகிய இருபெரும் வள்ளல்களின் கொடையால் உருவானது பின்னது. 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி தோன்றியது. அதிராம்பட்டினம், உத்தமபாளையம், இளையான்குடி, பாளையங்கோட்டை என ஊர்கள் தொடர்ந்தன.

இப்பள்ளிகளும் கல்லூரிகளும் எவ்வகையைச் சேர்ந்தவை? அவை அரசு தொடங்கியவை அல்ல; இலாபம் கருதித் தனியார் நடத்தியவையும் அல்ல. நிலமும் கட்டடமும் சமுதாயத்தின் கொடை. ஆசிரியர் ஊதியம் அரசின் உதவி. வாயிற்கதவு எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தது. அரசு உதவி பெறும் நிறுவனம் என்னும் இந்த மூன்றாம் வகையே நம் சமுதாயத்தின் முதல் பட்டதாரிகள் பலரை உருவாக்கியது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என இரண்டை மட்டும் எண்ணும் நாம் மறந்துபோனது இதனைத்தான்.

சுமை கைமாறிய காலம்

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1960களில் உயர்நிலைப் பள்ளி முடியக் கட்டணமில்லாக் கல்வி பரவியது. அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டுமன்றி, உதவி பெறும் பள்ளியின் மாணவருக்கும் இது கிட்டியது. வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும் செய்யாறு அரசு கலைக் கல்லூரியும் அந்த ஆண்டுகளில் தோன்றியவையே. ஒரு நெசவாளரின் மகன் தந்தையின் பையைக் காலி செய்யாமலே பட்டம் பெறக்கூடிய காலம் அது.

பின்னர் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. அதுவரை மிகச் சிலவாய்ப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள், 1970களின் இறுதியில் பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்புக்கு வந்து, நகரந்தோறும் பெருகின. 1978இல் பழைய பி.யூ.சி. படிப்பு நீங்கி, மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்குள்ளேயே வந்தன. ஆகவே கல்லூரியின் வாயில் பள்ளியிலேயே அமைந்தது. 1991க்குப் பின் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு அரசின் மானியம் இல்லை என்றாயிற்று. இம்மூன்றாவது மாற்றமே நமக்குப் பெரிது. அதன்பின் ஒரு ஜமாஅத்தோ அறக்கட்டளையோ புதுப் பள்ளி தொடங்கினால், ஆசிரியர் ஊதியத்தையும் பிள்ளைகளின் கட்டணத்திலிருந்தே கொடுக்க நேர்ந்தது. வக்ஃபும் வணிகரும் அரசும் பகிர்ந்து தாங்கிய சுமை, ஓசையின்றித் தந்தை ஒருவரின் தோளுக்கு மாறிவிட்டது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2009இல் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, நிர்ணயக் குழு அமைந்தது. அதே ஆண்டில் நடுவண் அரசு இயற்றிய கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. சிறுபான்மை நிறுவனங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2010இல் வந்த சமச்சீர்க் கல்விச் சட்டம் நீதிமன்றப் போராட்டங்களைக் கடந்து 2011இல் நிலைபெற்றது. அதன்பின் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றாயிற்று. 2012 முதல் அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழி வகுப்புகளும் தொடங்கின. எனவே, “அங்கே பாடமே வேறு” என்று எண்ணிக் கட்டணம் செலுத்தும் பெற்றோர், பழைய காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுநிலையான ஒரு நோக்கு

தனியார் பள்ளியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பிள்ளை வரவில்லை என்றால் வீட்டுக்குச் செய்தி அனுப்பும் கவனம், ஆங்கிலம் பேசும் பழக்கம், தேர்வுக்கு அடிக்கடி தரும் பயிற்சி ஆகியவை அங்கே காணப்படுவதால்தான் எளியவர்களும் அவற்றை நாடுகின்றனர். அரசுப் பள்ளியிலோ ஒரு பாடத்துக்கு ஆசிரியரின்றி மாதங்கள் கழிவதுண்டு. வகுப்பில் இடநெருக்கடியும் உண்டு. ஆனால் அங்கே கற்பிப்போர் உரிய தகுதியோடும் தேர்வோடும் அமர்த்தப்பட்டவர்கள். பள்ளியின் வகையைவிட, அப்பள்ளியில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே முதலில் கேட்கத்தக்கது. இதனை நேரில் சென்று கேட்ட பெற்றோர் எத்தனை பேர்?

செலவையும் சற்றே கணக்கிடுவோம். மாதம் 2,000 ரூபாய் கட்டணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 14 ஆண்டுகள், 168 மாதங்கள். மொத்தம் 3,36,000 ரூபாய். வாகனமும் சீருடையும் இதில் சேரவில்லை. இவ்வளவும் கல்லூரி வாயிலை அடையுமுன் தீர்ந்துவிடுகிறது. பயணத்தின் முதற்பாதியிலேயே கட்டுச்சோற்றை உண்டு முடித்தவனின் நிலைதான் பல தந்தையரின் நிலை.

கல்லூரி வாயிலில்

கல்லூரியிலும் ஒரே வளாகத்துள் இருவகைக் கட்டணம் உண்டு. அரசு உதவி பெறும் பிரிவில் குறைவு. சுயநிதிப் பிரிவில் மிகுதி. விண்ணப்பிக்குமுன் இது எப்பிரிவு என்று கேட்பது நம் கடமை. 2007இல் முஸ்லிம்களுக்கு நூற்றுக்கு 3.5 என உள்ஒதுக்கீடு கிடைத்தது. அதற்குரிய சாதிச் சான்றிதழைக் காலத்தே பெறாமல் இடத்தை இழப்போர் உண்டு.

2020இல் தமிழகச் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தை இயற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று, நீட் தேர்வில் தேறியவர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. அவ்வழிச் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேர்ந்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் அளித்தது. 2024இல் இத்திட்டம் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியர்க்கும் விரிவுபடுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே மாணவர்க்கும் தனித் திட்டம் வந்தது. ஆனால் 7.5 விழுக்காடு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை. நம் முன்னோர் கட்டிய மூன்றாம் வகைப் பள்ளி இங்கே விடுபட்டு நிற்பதை நம் தலைவர்கள் எடுத்துரைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அச்சகோதரருக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு கூறினேன்:

“பாய், பையனை அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுங்கள், அவன் விரும்பும் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மீதமாகும் பணம் அவன் கல்லூரிக்கு ஆகும். ஆனால் அந்த 7.5 அவனுக்கு இல்லை. அது யாருக்கு இருக்கிறது தெரியுமா? நீங்கள் செலவே செய்யாத உங்கள் மகளுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் படித்த ஒவ்வோர் ஆண்டும் அவள் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது நிறுத்தினால் அத்தனையும் வீண். உங்கள் வீட்டில் கல்லூரிக்கு மிகக் குறைந்த செலவில் போகக்கூடிய பிள்ளை அவள்தான்.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. “அவள் நன்றாகத்தான் படிக்கிறாள், ஹஜ்ரத்; நான்தான் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்ததில்லை” என்றார்.

வாசகப் பெருமக்களே! சகோதரருக்கு நான் கூறியது ஒரு வீட்டுக்கான வழி. சமுதாயத்துக்கு உரியது ஒன்று எஞ்சியுள்ளது. மஹல்லாதோறும் பைத்துல்மால் இருக்கிறது. திருமண உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் அது கை நீட்டுவது போல, அரசுப் பள்ளி மாணவனின் மாலைநேரப் பயிற்சிக்கும், கல்லூரி மாணவியின் பேருந்துச் செலவுக்கும் கை நீட்டலாம். புதிதாகப் பள்ளி கட்டக் கோடிகள் வேண்டும். ஒரு கணித ஆசிரியரை மாலையில் அமர்த்த அவ்வளவு வேண்டியதில்லை. அரசு பாவு போட்டிருக்கிறது. ஊடையை நெய்ய வேண்டியவர்கள் நாம். வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் நம் முன்னோர் செய்தது அதுவே. பிள்ளையின் கல்விச் செலவைத் தந்தையோடு ஊரும் சுமந்தது. நாமும் சுமப்போமாக.