டேனியல் ஆல்டிரிச்சின் பேரிடர் மீட்சி ஆய்வுகள்

டேனியல் ஆல்டிரிச், பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர். பேரிடருக்குப் பின் ஓர் ஊர் எழுவதும் இன்னோர் ஊர் எழாமற்போவதும் எதனால் என்பதே இவருடைய ஆய்வுப்பொருள். 2005-இல் நியூ ஆர்லியன்சில் குடியேறிய சில வாரங்களிலேயே கத்ரீனா சூறாவளியில் வீட்டை இழந்தவர்.

2012-இல் வெளியான இவரது 'பில்டிங் ரெசிலியன்ஸ்' நூல், 1923 டோக்கியோ நிலநடுக்கம், 1995 கோபே நிலநடுக்கம், 2004 ஆழிப்பேரலை, கத்ரீனா ஆகிய நான்கையும் ஒப்பிடுகிறது. சேதத்தின் அளவையும் வந்து சேர்ந்த பணத்தையும்விட, மக்களுக்குள் இருந்த பிணைப்பும் அதிகாரிகளோடு அவர்களுக்கு இருந்த தொடர்புமே மீட்சியை விரைவுபடுத்தின என்கிறார். இந்தப் பிணைப்பையும் தொடர்பையும் 'சமூக மூலதனம்' என்பர்.

தமிழ்நாட்டைப் பற்றிய பகுதியே நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. மீனவர் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து சட்டப்படி அமைந்த ஊராட்சி அன்று. வரி வசூலிக்கும், வழக்குத் தீர்க்கும், திருவிழா நடத்தும். ஆழிப்பேரலைக்குப் பின் இழந்தோர் பட்டியலை அரசிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் கொடுத்ததும், வந்த பொருளைப் பங்கிட்டதும் பல ஊர்களில் இதுதான். அது வலுவாக இருந்த ஊர்களுக்கு உதவி மிகுதியாகக் கிடைத்தது. ஆனால் தலித் மக்களும் கைம்பெண்களும் முஸ்லிம்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர். உள்ளிருப்போரைத் தூக்கிவிட்ட அதே பிணைப்பு வெளியிலிருந்தோரைத் தள்ளியது. ஊர் ஒற்றுமையைப் புகழ்வோர் பலர். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டதே இந்த ஆய்வின் தனிச்சிறப்பு.

ஆல்டிரிச் ஆராய்ந்தது கடற்கரையை. அதே கேள்வி கடலூர் மாவட்டத்தின் உட்பகுதிக்கும் பொருந்தும். 2011 டிசம்பர் 30-இல் கரைகடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தில் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. மரம் மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகளாகும். பயிர் இழப்பீடோ நிலப்பரப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. நிலமில்லாமல் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைக்கும் கூலிப் பெண்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நிவாரணப் பட்டியலை அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் மட்டும் முடிவு செய்யக் கூடாது. கிராம சபையில் உரக்க வாசித்து, விடுபட்டோரைச் சேர்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.