தனிநபரிடம் பழைய கார் வாங்குகிறீர்களா? பெயர் மாறும் வரை கவனிக்க வேண்டியவை என்னென்ன?

புதுடெல்லி: 2007-ஆம் ஆண்டு ஒருவர் தமது காரை விற்றார். அதன்பின் அந்தக் கார் அடுத்தடுத்துப் பல கைகள் மாறியது. ஆனால், பதிவுச் சான்றிதழில் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்தது. 2009-இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் உயிரிழந்தான். இழப்பீட்டை யார் தருவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. யார் பெயரில் பதிவு உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்றும், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் 2018 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

பழைய கார் வாங்குவோரும் விற்போரும் மனதில் கொள்ள வேண்டிய அடிப்படை இதுதான். பணமும் சாவியும் கை மாறினாலும், பெயர் மாறும் வரை பரிவர்த்தனை முழுமை பெறுவதில்லை.

தனிநபர் விற்பனையில் என்ன வேறுபாடு?

பழைய கார் விற்பனையாளர்களுக்கு அங்கீகாரம் வழங்கும் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வாகனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். உரிமையாளரிடமே நேரடியாக வாங்கும்போது இடைத்தரகு மிச்சமாகும், ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஆனால் உத்தரவாதமும் கிடையாது. எனவே, சோதித்துப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவரையே சாரும்.

முதலில் ஆவணங்கள்

காரை நேரில் பார்க்கச் செல்லும் முன்பே அதன் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ அந்த எண்ணைப் பதிவிட்டால், பதிவான நாள், எரிபொருள் வகை, காப்பீடு மற்றும் தகுதிச் சான்றின் காலக்கெடு, கடன் விவரம் ஆகியவை தெரியவரும். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். தெரியும் எழுத்துகளை விற்பவரின் அடையாள அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விற்பவர் வேறு, ஆர்சியில் உள்ள பெயர் வேறு எனில், 'நண்பரின் கார்', 'உறவினரின் கார்' என்ற விளக்கத்தை ஏற்கக் கூடாது. உரிமையாளரைச் சந்தித்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசின் பெயருக்குப் பதிவு மாற்றப்பட வேண்டும்.

காரில் பொறிக்கப்பட்டுள்ள என்ஜின் எண்ணும் 17 இலக்க சேஸிஸ் எண்ணும் ஆர்சியுடன் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ புதிய பெயின்டோ தென்பட்டால் வாங்காமல் விலகுவதே நல்லது. நிலுவையில் உள்ள இ-சலான் அபராதங்களையும் பார்க்க வேண்டும். அவை பெயர் மாற்றத்துக்குத் தடையாகலாம்.

கடன் தீர்ந்ததா?

தவணை முடிந்துவிட்டது என்ற வாய்மொழி போதாது. வங்கிக் கடனில் வாங்கிய காரின் ஆர்சியில் அந்த வங்கியின் பெயர் இடம்பெற்றிருக்கும். கடன் தீர்ந்த பின், வங்கி தரும் தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் ஆர்டிஓ அலுவலகத்தில் அளித்தால்தான் அந்தப் பதிவு நீங்கும். கடன் பாக்கி இருந்தால், விற்பவருடன் வங்கிக்கே சென்று, நிலுவைத் தொகையை நேரடியாகக் கடன் கணக்கில் செலுத்துவது பாதுகாப்பானது.

காரைச் சோதிப்பது எப்படி?

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில் காரைப் பார்க்க வேண்டும். நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதற்கு ஆகும் செலவு, பின்னால் வரும் பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

* என்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைக்கப்பட்ட கார் பல குறைகளை மறைத்துவிடும். நீலப் புகை ஆயில் எரிவதையும், நீங்காத வெண்புகை கூலன்ட் கசிவையும் உணர்த்தக்கூடும்.
* கதவு, பானட் இடைவெளிகள் இருபுறமும் சமமாக உள்ளனவா, பெயின்ட் நிறம் ஒரே சீராக உள்ளதா, பானட்டின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் உள்ளதா என்பவை விபத்தின் சுவடுகளைக் காட்டும்.
* வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டறிய, சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் சேற்றுக் கறை, இருக்கைத் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பின் அடியில் ஈர வாடை ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.
* ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையப் பதிவுகளுடன் ஒப்பிட வேண்டும். தேய்ந்த பெடலும் வழுவழுப்பான ஸ்டீயரிங்கும் குறைந்த கிலோமீட்டருக்குப் பொருந்தாது.
* டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். '2321' என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

காப்பீடு பேசும் உண்மை

காப்பீட்டு ஆவணத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' சதவீதத்தைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு இது 50 சதவீதம் வரை உயரும். பல ஆண்டுகள் ஓடிய காரில் இது பூஜ்ஜியமாக இருந்தால், அண்மையில் விபத்து இழப்பீடு பெறப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். இந்தச் சலுகை உரிமையாளருக்கு உரியது. காருடன் புதியவருக்கு வராது.

கார் கை மாறியதும் 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தவறினால், சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்படலாம்.

பணம் தரும் முறை

காரை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பக் கூடாது. ராணுவத்தில் பணிபுரிவதாகவும், அவசர இடமாற்றத்தால் மலிவாக விற்பதாகவும் கூறி முன்பணம் பறிப்பது நாடு முழுவதும் அறியப்பட்ட மோசடி முறை. பணம் பெறுவதற்கு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் எண்ணைப் பதிவிடவோ தேவையில்லை என்பதை விற்பவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆர்சியில் உள்ள பெயரிலான வங்கிக் கணக்குக்கே தொகையைச் செலுத்த வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. விலை, கிலோமீட்டர், ஒப்படைக்கும் நாள், நேரம் ஆகியவற்றுடன் இருவரும் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தம் அவசியம். ஒப்படைத்த நேரத்துக்கு முந்தைய அபராதங்கள் யாருடையவை என்பதற்கு அதுவே சான்று.

பெயர் மாற்றம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, விற்பவர் 14 நாள்களுக்குள் படிவம் 29 மூலம் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். கார் வேறு மாநிலத்துக்குச் செல்வதானால் 45 நாள் அவகாசம் உண்டு. வாங்குபவர் 30 நாள்களுக்குள் படிவம் 30 மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு, 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று விடுவதே பல சிக்கல்களுக்குத் தொடக்கம்.

வேறு மாநிலக் கார் எனில், அங்குள்ள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று தேவை. புதிய மாநிலத்தில் சாலை வரியும் செலுத்த நேரிடும். டெல்லியிலிருந்து மலிவாக வரும் கார்களின் விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், எஞ்சிய காலமும் விலையைத் தீர்மானிக்கும்.

விற்பவர் தமது ஃபாஸ்டேக் கணக்கை முடித்துக்கொள்ள, வாங்குபவர் புதிதாகப் பெற வேண்டும். பரிவாகன் தளத்தில் புதிய உரிமையாளரின் பெயர் ஏறிவிட்டதா என்பதை இருவரும் சரிபார்க்க வேண்டும். 2007-இல் கார் விற்றவர் அந்த ஒரு விவரத்தை உறுதி செய்திருந்தால், அவர் ஓட்டாத காரின் விபத்துக்காக நீதிமன்றப் படியேற நேர்ந்திருக்காது.