தாயத்தில் தாய் இல்லை

குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை எடுத்து வெள்ளிக் குப்பிக்குள் அடைத்து அரைஞாணில் கோத்துவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் உண்டு. இதை வைத்து ஒரு சொல்விளக்கம் ஓயாமல் கைபேசிகளில் சுற்றி வருகிறது. தாய், அத்து என்ற இரண்டும் சேர்ந்ததே தாயத்தாம். கொடியிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிற்கால நோய்க்கு மருந்தாக முன்னோர் அதில் சேமித்து வைத்தார்களாம். பட்டிமன்ற மேடைகளிலும் இது கைதட்டல் வாங்குகிறது. இலக்கணமும் தவறு, அறிவியலும் தவறு.

அறிவியலை முதலில் முடித்துவிடலாம். தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு முதல் மாற்றுச் சிகிச்சை 1988இல் பாரிசில் நடந்தது. அந்த இரத்தத்தைப் பிறந்தவுடன் எடுத்து, திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் உறைய வைத்தால்தான் செல்கள் பிழைக்கும். இடுப்பில் வெயர்வையோடு கிடந்து சருகான துண்டில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது.

இனி இலக்கணம். அத்து என்பது தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்துச் சொன்ன சாரியை. மரம் என்ற சொல் மரத்தை, மரத்தில் என்றாவது அதனால்தான். மகர ஈற்றுப் பெயர்களிலும் வேறு சிலவற்றிலும் அது வரும். தாய் என்ற யகர ஈறு அதை ஏற்பதில்லை. தாயை, தாயின், தாய்க்கு என்றே எவரும் பேசுவர். பெயருக்கும் உருபுக்கும் நடுவே நிற்பதுதான் சாரியையின் வேலை. கடைசியில் நின்று ஒரு புதுப் பொருளுக்குப் பெயர் சூட்டுவது அதன் வேலையல்ல. பழந்தமிழில் தாயத்து என்ற வடிவம் வேண்டுமென்றால் அது தாயம் என்பதிலிருந்து வரும். தொல்காப்பியப் பொருளியலில் தாயத்தின் என்ற வடிவம் உண்டு. அங்கே பொருள் வழிவழி உரிமை. காவல் குப்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அணியும் பொருள் பழையது என்பதில் ஐயமில்லை, பெயர்தான் வேறு. குறுந்தொகை 161இல் நக்கீரர் பாடும் பிள்ளைகள் புலிப்பல் கோத்த தாலி அணிந்தவர்கள். அகநானூறு 54இல் தாய் நிலவை அழைப்பது பொன்தாலி பூண்ட மகனுக்காக. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையை எடுத்துக்காட்ட இடைக்குன்றூர் கிழாருக்குக் கிடைத்த சான்றே, அவன் தாலியை இன்னும் களையவில்லை என்பதுதான் (புறநானூறு 77). மணிமேகலையில் மழலையின் வாய்நீர் ஐம்படையை நனைக்கிறது. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்தையும் சிறிதாகச் செய்து கோத்த காவல் அது. பெற்றவளின் அன்பும் தெய்வத்தின் துணையும் ஒரே கயிற்றில் தொங்கிய இத்தனை இடங்களில் ஒன்றிலாவது தாயத்து என்ற சொல் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை.

கயிற்றின் பெயரிலும் ஒரு பாடம் இருக்கிறது. அரையில் கட்டும் ஞாண் அரைஞாண். ஞாணே பிறகு நாண் ஆயிற்று. மலையாளம் அரஞ்ஞாணம் என்று அந்த ஞகரத்தை இன்றும் விடவில்லை. தமிழ்ப் பேச்சில் அது அருணாக்கயிறாகி, கேட்பவர் அருணனைத் தேடத் தொடங்கிவிட்டனர்.

தாயத்து அரபுச் சொல். தஃவீத் என்றால் அடைக்கலம் தேடும் காப்பு. குர்ஆனின் கடைசி இரு அத்தியாயங்களான 113, 114 இரண்டுக்கும் சேர்த்து வழங்கும் முஅவ்விததான் என்ற பெயரும் அதே வேரில் பிறந்தது. தஃவீத் உருதுவில் தாவீஸ், மராத்தியில் தாயீத், கன்னடத்தில் தாயித, தெலுங்கில் தாயெத்து. கன்னடத்துக்குத் தாய் உண்டு. ஆனால் மராத்திக்காரர் அன்னையை ஆயி என்பர், தெலுங்கர் தல்லி என்பர். அவர்களிடமும் இதே சொல் எப்படி வந்தது? தாயை வேராகக் கொள்வோர் இதற்கு விடை சொல்லட்டும். மராத்தியர் தமக்கு மிகப் பிரியமானவரைக் கழுத்தில் கிடக்கும் தாயீத் என்றே சொல்வார்கள். அன்பு அந்தச் சொல்லுக்குள் நுழைய அன்னையின் பெயர் தேவைப்படவில்லை.

வந்த சொல்லைத் தமிழ்ச்செவி தனக்குத் தெரிந்த சொல்லாகக் கேட்பது புதிதல்ல. புனிதர்களின் எச்சங்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் அருளிக்கம் என்பர். இதில் அருள் தெரிகிறது. ஆனால் உள்ளே இருப்பது போர்த்துகீசிய ரெலிக்கியா என்பதே இக்கட்டுரையின் துணிபு. கேரளத்துக் கத்தோலிக்கர் செபமாலையைக் கொந்த என்பதும் போர்த்துகீசியர் மணிக்கு வழங்கிய சொல்லே. கார்மேல் அன்னையின் பெயரால் கழுத்தில் அணியும் சிறு துணித்துண்டுகளை அவர்கள் வெந்திங்ங என்பர், தமிழர் உத்தரியம் என்பர். மேலாடையைக் குறித்த பழைய வடசொல் அது. இறந்தோரின் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மீட்பதால் உத்தரியம் என்று பொருள் கூறுவது ஒலியை மட்டும் நம்பும் பேச்சு. ஒன்று மேலே கிடப்பதைக் குறித்த சொல், மற்றது கடந்து ஏறுவதைக் குறித்த வினை.

சொல் எந்த வழியாக வந்தது என்பதற்கு நாகர்கோவில் நல்ல சான்று. முதலில் திருவிதாங்கூரிலும், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும், பிறகு தமிழ்நாட்டிலும் இருந்த மண் இது. தமிழ் முஸ்லிம் புலவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த இடலாக்குடி ஊருக்குள்ளேயே இருக்கிறது. சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ரஜபு மாதம் இரவு முழுக்க ஓதும் தக்கலை பக்கத்தில். அரபுச்சொல் கடல்வழியே நேரே வந்திருந்தால் இந்த மண்ணை ஒட்டிய மேற்குக் கடற்கரையில்தான் அது முதலில் வேரூன்றியிருக்கும். அங்கே மலையாளத்தில் காப்புக்குப் பெருவழக்கான பெயர்களோ ஏலஸும் உறுக்கும். தமிழ் முஸ்லிம்கள் எழுதிக் கட்டுவதை, பெயர் என்று பொருள்படும் இஸ்மு என்ற வேறோர் அரபுச்சொல்லால் சொல்வதும் உண்டு. வகரம் யகரமான வடிவமோ மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று வரிசையாக நிற்கிறது. தக்காணத்துப் படைகளோடும் வணிகரோடும் பக்கீர்களோடும் வடக்கிலிருந்து தரைவழியாக இறங்கிய சொல் தாயத்து. கடல் கொண்டுவந்த சொல் அல்ல அது.