ரிப்பேர்காரன் வாட்ச்மேன் ஆன கதை

ஜன்னலோரத் தொட்டிச் செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சார்லஸ் டார்வின் போகவில்லை. மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து புல் நாற்றுகளின் நுனிக்குக் குல்லாய் மாட்டிப் பார்த்தார். நாற்று வளையவில்லை. நுனியை விட்டுவிட்டு அடியை மட்டும் மறைத்தால் வளைந்தது. ஆக, வெளிச்சத்தைப் 'பார்ப்பது' நுனி, வளைவது கீழே. 1880ல் இதைப் புத்தகமாகப் போட்டார்கள்.

எதை வைத்துப் பார்க்கிறது? செடிகள் முக்கியமாக நீல ஒளிக்குத்தான் இப்படி மசிகின்றன என்பது தெரிந்தது. அதைப் பிடிக்கும் மூலக்கூறு மட்டும் நூறு வருஷத்துக்கு மேல் சிக்கவில்லை. ஆளைப் பிடிக்கும் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்: க்ரிப்டோக்ரோம். கிரேக்கத்தில் 'மறைந்திருக்கும் நிறம்'.

இதற்கிடையே சம்பந்தமில்லாத இடத்தில் இன்னொரு கதை. அமெரிக்காவில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் நுண்ணுயிரிகளின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கணக்குப்படி செத்திருக்க வேண்டியவை சிலசமயம் பிழைத்துக்கொண்டன. உஷ்ணம்தான் காரணமோ என்று முதலில் சந்தேகப்பட்டார். இல்லை, சாதாரண வெளிச்சம்! 1949ல் அறிவித்தார்.

விஷயம் இதுதான். புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்த எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். அதைப் பிரித்துவிட போட்டோலையேஸ் என்று ஒரு என்ஸைம் உண்டு. நீல ஒளியின் சக்தியில்தான் வேலை செய்யும். வெயில் செய்த சேதத்தை வெயிலை வைத்தே சரிபண்ணும் ரிப்பேர்காரன்.

இரண்டு கதைகளும் 1993ல் சந்தித்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் அகமதும் ஆண்டனி காஷ்மோரும், அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியில், நீல ஒளியிலும் இருட்டில் இருப்பதுபோல் நெட்டையாக வளரும் 'குருட்டு' ரகத்தை ஆராய்ந்தார்கள். அதில் கெட்டுப்போயிருந்த ஜீனைப் படித்தால், போட்டோலையேஸின் ஜாடை! ஆனால் ரிப்பேர் வேலை தெரியாது. வெளிச்சம் வந்துவிட்டது என்று செடிக்குச் சொல்வதோடு சரி. ரிப்பேர்காரனின் வம்சத்தில் ஒருவன் வாட்ச்மேன் ஆகிவிட்டான். அதுவும் செடிகளில் ஒரு தடவை, பிராணிகளில் தனியாக இன்னொரு தடவை.

வேடிக்கை பாருங்கள், டார்வினின் நாற்றை வளைத்தது இவன் இல்லை. அது போட்டோட்ரோபின் என்ற வேறொரு ஆசாமி, 1990களில்தான் பிடிபட்டான்.

நம் உடம்பிலும் க்ரிப்டோக்ரோம் இருக்கிறது. நமக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரத்தின் ஒரு பல்சக்கரம் அது. 1999ல் இரண்டு க்ரிப்டோக்ரோம்களையும் நீக்கிய எலிகளை இருட்டில் வைத்தபோது, தூங்கும் நேரம் விழிக்கும் நேரம் எல்லாம் தாறுமாறாகிவிட்டது.

சரி, பழைய ரிப்பேர்காரன்? கங்காருவிடம் இருக்கிறான். நம்மிடம் இல்லை. பாலூட்டிகளில் நம் கிளை அவனை எப்போதோ தொலைத்துவிட்டது. சேதமான பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்பும் வேறொரு முறையை நம்பித்தான் வெயிலில் நடமாடுகிறோம். அதிலும் கோளாறோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. வெயில் பட்டால் சின்ன வயசிலேயே தோல் புற்றுநோய் வரும் அபாயம். அவர்களை ஜன்னலோரத்தில் உட்காரவைப்பதற்கே அம்மாக்கள் யோசிக்க வேண்டும்.